பறவை மட்டும் போதுமா?

ஐயா,

கண்மாய்ப் பறவைகளைப் படமெடுப்போர் பலர், தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 600 மி.மீ. லென்ஸில் அலகையும் கண்ணையும் மட்டும் நிரப்பிவிடுகிறார்கள். எடுத்தது மதுரையின் சாமநத்தம் கண்மாயிலா, வண்டியூர் கண்மாயிலா என்றே தெரிவதில்லை. பறவையோடு அதன் இடமும் படத்தில் வர வேண்டும். அதற்கு 200 மி.மீ. லென்ஸ் போதும், லென்ஸின் திறப்பைச் சுருக்கி எஃப் 8-ல் வைத்தால் பின்னாலுள்ள கருவேல மரங்களும் ஓரளவு துலங்கும். பறக்கும் நாரை கலங்காமல் விழ ஷட்டர் வேகம் 1/1600 நொடி. கரைமேல் நின்று எடுத்தால் பறவை தண்ணீரோடு ஒட்டிப்போகும். சரிவில் உட்கார்ந்து கேமராவைத் தாழ்த்துங்கள். இருண்ட பின்னணியில் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு எக்ஸ்போஷரை, அதாவது கேமராவில் பதியும் ஒளியை, ஒரு ஸ்டாப் வரை (பாதி அளவுக்கு) குறைக்காவிட்டால் இறகின் வரிகள் வெளுத்துவிடும். வெயில் ஏறினால் கானல் வந்துவிடும், எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸானாலும் படம் நெளியும்.

2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டியில் பாறை இடுக்குக் கூடுகளை நெருங்கவே கூடாது. தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டை வெயிலில் வெந்துவிடும். அங்கே மலையோடு சேர்த்து, தூரத்திலிருந்தே எடுக்கலாம். மலையும் அழகுதானே!

- பறவை ஆர்வலர்கள், மேலூர்