அந்த மேசையில் கிடக்கும் கடிதங்கள்

மதிப்புக்குரிய தோட்டத் துரை அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிசன் லயத்துப் பிள்ளை, தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறேன். அம்மா உங்கள் மலையில்தான் கொழுந்தெடுக்கிறார். இதை ஊரறிய எழுதுவதற்குக் காரணம் உண்டு: தபாலில் போட்டால் இதுவும் கடிதங்கள் கிடக்கும் அதே ஆபிஸ் மேசைக்குத்தான் வரும்.

போன வருடம் ஒரு புலமைப்பரிசில் நேர்முகத்துக்கு எனக்குக் கடிதம் வந்தது. வந்தது என்றால், தோட்டத்து ஆபிசுக்கு. எங்கள் காம்பிராக்களுக்கு, அந்த லயத்து அறை வீடுகளுக்கு, இலக்கம் கிடையாது. தபால்காரர் எல்லாவற்றையும் ஆபிசில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பிறகு கிளாக்கர் ஐயாவுக்கு நேரம் கிடைத்து, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் கங்காணி கைக்குப் போய், அவர் மறக்காமல் அம்மாவிடம் சேர்க்க வேண்டும். எனக்குக் கிடைத்தபோது நேர்முகம் முடிந்து ஒன்பது நாள். உறையின் மூலையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம்.

கிளாக்கர் ஐயா கெட்டவர் இல்லை. சின்ன வயதில் எனக்கு இனிப்பெல்லாம் தந்திருக்கிறார்.

வகுப்பில் அதிகாரம் பற்றிப் படித்தோம். எதிர்ப்பு இருந்தாலும் தன் எண்ணத்தை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பு என்கிறார் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர். எனக்கு அது போதவில்லை. என் கடிதத்தை யாரும் வேண்டுமென்று மறிக்கவில்லையே. எத்தனை நாள் கிடந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். அதைத்தான் பரீட்சையில் எழுதினேன். (நல்ல புள்ளி கிடைத்தது.)

இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சியவர்களுக்கு 2003இலும் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. அம்மாச்சியின் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்ததும் அதே ஆபிசுக்குத்தான். இன்றும் அதைப் பிஸ்கட் டின்னில் பூட்டி வைத்திருக்கிறார்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஒவ்வொரு காம்பிராவின் கதவிலும் இலக்கம் போட இடம் கொடுங்கள். தபால்காரர் லயம் வரை வரட்டும். அதுவரைக்கும், கடிதம் வந்த அன்றே அந்தியில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெயர் வாசித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கொழுந்தை நாளைக்கு நிறுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் ஒருநாளும் விட்டதில்லையே.

தங்கை உயர்தரம் எழுதியிருக்கிறாள். அவளுக்கும் கடிதம் வரும். பெயரை இங்கே போடவில்லை. கிளாக்கர் ஐயாவுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கீழ் டிவிசன் மாணவி