என் நாவலை நீக்கிய மின்னூல் கடைக்கு ஒரு திறந்த மடல்

மின்னூல் கடையின் பதிப்புரிமைப் பிரிவினருக்கு,

வணக்கம். என் நாவல் வேறு இடங்களில் இலவசமாகக் கிடைக்கிறது, அதனால் பிரத்தியேக ஒப்பந்தத்தை நான் மீறிவிட்டேன், குறித்த நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் சந்தா வாசிப்பிலிருந்து நூல் எடுக்கப்படும் என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தீர்கள். சொன்ன தேதிக்குச் சரியாக எடுத்தும்விட்டீர்கள். நான் எழுதிய பதில்களுக்கு மட்டும் அந்த வேகம் இல்லை. திருடியவரை விட்டுவிட்டு, பறிகொடுத்தவளிடம் விளக்கம் கேட்கிறீர்கள். இப்படி மாட்டிக்கொண்டது நான் ஒருத்தி மட்டுமல்ல என்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

90 நாளுக்கு மின்னூலை வேறெங்கும் கொடுக்கக் கூடாது என்ற அந்த ஒப்பந்தம் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். இணையக் கதைத் தளத்தில் தொடராகப் போட்டு முடித்த கதையை, எபிலாக் என்ற முடிவுரையும் கொடுத்து, கதை ஓடிய திரியைப் பூட்டி, அத்தனை எபியையும், அதாவது அத்தியாயங்களையும், நீக்கிய பிறகுதான் உங்களிடம் ஏற்றினேன். "சிஸ், ஊருக்குப் போயிருந்தேன், கடைசி நாலு யூடி படிக்கல, ரெண்டு நாள் மட்டும் திறந்து விடுங்களேன்" என்று கேட்ட வாசகிகளுக்குக்கூட முடியாது என்றேன். யூடி, அதாவது புது அத்தியாயம், வருமா என்று நடுராத்திரி வரை காத்திருந்து படித்துக் கருத்து போட்டவர்கள் அவர்கள். உங்கள் நிபந்தனைக்காக அவர்களிடம் கறாராக இருந்தேன்.

சரி, நீங்கள் ஆதாரமாக அனுப்பிய சுட்டியை உங்களில் யாராவது திறந்து பார்த்தீர்களா? நான் பார்த்தேன். ஒரு செய்திச் செயலியில் ஓடும் குழு அது. என் நாவல் அங்கே பிடிஎஃப்பாக இருக்கிறது. யாரோ உங்கள் செயலியில் நூலைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோத்திருக்கிறார்கள். பக்கத்தின் மேலே இரவு மணி 11.52, பேட்டரி 14 சதவீதம். கொஞ்சம் தள்ளிப் போனால் பேட்டரி பக்கத்தில் மின்னல் குறி வந்துவிடுகிறது, சார்ஜ் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். பக்கத்தின் கீழே, நூலில் எவ்வளவு படித்தாயிற்று என்று உங்கள் செயலி காட்டும் சதவீதம்கூட அப்படியே இருக்கிறது. என் எழுத்தின் குறுக்கே சாய்வாகக் குழுவின் பெயர், அதன் கீழ் "பிற குழுக்களில் பகிர வேண்டாம்" என்று ஓர் எச்சரிக்கை வேறு. அவர்களுடைய உழைப்பை யாரும் திருடிவிடக் கூடாதாம்!

அதாவது அந்தப் பிரதி உங்கள் கடைக்குள்ளிருந்து போயிருக்கிறது. நான் வேறெங்கும் வெளியிடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் போதும். நான் கேட்பது அவ்வளவுதான்: நூலை நீக்குவதற்கு முன், தமிழ் தெரிந்த ஒரு மனிதர் அந்தச் சுட்டியைத் திறந்து பார்க்கட்டும், எழுத்தாளர் சொல்வதைக் கேட்கட்டும்.

உங்களிடமிருந்து வந்ததோ, உரிமை என்னுடையது என்பதற்குப் பதிவுச் சான்றிதழ் வேண்டும் என்ற பதில். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, எழுதியவருக்கு உரிமை எழுதியதிலிருந்தே வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. பதிப்புரிமைப் பிரிவில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, முறையான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் இணையதளங்கள் அந்தப் பிரதியை முடக்க வேண்டும். புகார் கிடைத்த 21 நாளில் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறந்துகொள்ளலாம். ஒரு பிடிஎஃப்புக்காக எந்தக் குடும்பத்தலைவி வக்கீல் வைத்து உத்தரவு வாங்குவாள்? செய்திச் செயலிக்கும் புகார் கொடுத்தேன். குழு போயிற்று. அதே பெயரோடு 2 என்று சேர்த்து அடுத்த குழு வந்தது.

நூல் வந்த முதல் சில வாரங்களில்தான் எங்களுக்குப் பக்கக் கணக்கு ஓடும், சந்தாவில் படிக்கப்படும் ஒரு பக்கத்துக்குச் சில பைசா வீதம். அந்த வாரங்களில் நூலை எடுத்துவிட்டு அப்புறம் "மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம்" என்றால், வாசகி அதற்குள் அடுத்த கதைக்குப் போயிருப்பாள். இலவச பிடிஎஃப் மட்டும் எங்கும் போகாமல் அங்கேயே இருக்கும். உங்கள் நடவடிக்கைக்குப் பிறகு என் நாவலைச் சந்தாவில் படிக்க வழியில்லை, திருட்டுத்தனமாகப் படிக்க வழி இருக்கிறது. ஒப்பந்தத்தைக் காப்பாற்றிவிட்டீர்கள், வாழ்த்துகள்.

காதல் கதைதானே, பெண்கள் அடுப்படி வேலைக்கு நடுவே எழுதுவதுதானே என்ற நினைப்பு எல்லா இடத்திலும் இருக்கிறது. இலக்கிய மேடைகளில் எங்களுக்கு நாற்காலி இல்லை, அதை நாங்கள் எதிர்பார்ப்பதும் இல்லை. திருடிப் படிப்பவரே "படிக்கத்தானே செய்றோம், சந்தோஷப்படுங்க சிஸ்" என்கிறார். யூடியூபில் என் பழைய கதையை ஆடியோ நாவலாக வாசித்து விளம்பரக் காசு வாங்குகிறவர், விளக்கப் பகுதியில் என் பெயரைப் போட்டதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்கிறார். எங்கள் கதைகளில் வரும் ஆன்டி ஹீரோகூட விசாரிக்காமல் நாயகியைச் சந்தேகப்பட்டால், நாற்பதாவது எபியிலாவது வந்து மன்னிப்புக் கேட்பான். நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை, விசாரியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடை வந்த பிறகுதான் பதிப்பாளர் வாசலில் நிற்காமல் எங்களைப் போன்றவர்கள் நூல் போட முடிந்தது, கணக்கில் எங்கள் பெயருக்கே பணம் வந்தது. அதை மறக்கவில்லை. அதனால்தான் இன்னும் ஒப்பந்தத்தை முறிக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தயவுசெய்து என் நாவலைச் சந்தா வாசிப்பில் திரும்பச் சேருங்கள். கள்ளப் பிரதி கண்ணில் பட்டால், நூலை நீக்கும் முன் எழுத்தாளரிடம் கேளுங்கள், தமிழ் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். சுட்டியும் அந்தப் பக்கங்களின் படங்களும் ஏற்கெனவே உங்கள் புகார்ப் பெட்டியில் இருக்கின்றன. தானியங்கிப் பதில் வேண்டாம். பொறுப்பில் இருக்கும் ஒருவர் பெயர் போட்டு இரண்டு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் நூல் வெளியிடும் ஒரு நாவலாசிரியை