குளிர் தாங்கும் செவ்வரத்தை என்று விற்கப்பட்ட வெப்பநாட்டுக் கன்றுகள் தொடர்பான முறைப்பாடு

ஸ்காபரோ, ஒன்ராறியோ
28 ஜூன் 2025

முகாமையாளர் அவர்கட்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

2024 மே மாதம், விக்டோரியா தின வார இறுதியில், தங்கள் விற்பனை நிலையத்தில் ‘லோர்ட் பால்டிமோர்’ என்ற பெயர்ச்சீட்டுடன் வைக்கப்பட்டிருந்த பல்லாண்டுச் செவ்வரத்தைக் கன்றுகளில் நான்கை, ஒன்று 32 டொலர் வீதம் வாங்கினேன். அவற்றில் இரண்டு அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை ஊரில் வேலியோரம் வளரும் வெப்பநாட்டுச் செவ்வரத்தைகள், ரொறன்ரோவின் குளிர்காலத்தைத் திறந்த நிலத்தில் கடக்க முடியாதவை, கடக்கவும் இல்லை. கன்றுகள் உயிரோடு இருந்தபோதே இந்த ஐயத்தை எழுத்தில் தெரிவித்தேன். அப்போது தங்கள் பிரிவு எனக்குத் தவறான உறுதி அளித்தது. கன்றுகள் பட்டுப்போன பின்னர் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று மறுத்தது. அந்த மறுப்பை நான் ஏற்கவில்லை என்பதைத் தெரிவிக்கவும், அதற்கான காரணங்களைத் தங்கள் முன் வைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன். தங்கள் நிறுவனம் தமிழில் விளம்பரம் செய்து, தமிழில் விளக்கம் கூறி விற்றதால், முறைப்பாட்டையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

இந்தக் கன்றை எம்மவர்கள் ஏன் தேடி வாங்குகிறார்கள் என்பது தங்களுக்கு நன்றாகவே தெரியும். பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் வைக்கச் சிவப்புச் செவ்வரத்தை வேண்டும் என்பதற்காகவே இங்கு பல வீடுகளில் அதைப் பூச்சாடியில் வளர்க்கிறார்கள். இரவுக் குளிர் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கும் செப்டெம்பரில் சாடியை வீட்டுக்குள் தூக்கி வைப்பதும், உள்ளே வெள்ளை ஈயோடும் உதிரும் இலைகளோடும் குளிர்காலம் முழுவதும் போராடுவதும், மே மாதக் கடைசியில் மீண்டும் வெளியே இறக்குவதும் வயதானவர்களுக்கு எவ்வளவு சிரமம் என்பதை விளக்க வேண்டியதில்லை. “நிலத்தில் நட்டு விடுங்கள், தூக்கித் திரிய வேண்டாம், ஆண்டுதோறும் தானாக முளைத்துப் பூக்கும்” என்ற தங்கள் விளம்பர வாசகம் குறிப்பிட்டது இந்தச் சிரமத்தைத்தான். நானும் அந்த வாசகத்தை நம்பித்தான், வெப்பநாட்டுக் கன்றின் விலையைவிடக் கூடுதலான விலையைக் கொடுத்தேன்.

அந்த வாசகம் உண்மையான பல்லாண்டுச் செவ்வரத்தைக்கு முற்றிலும் பொருந்தும். அதன் மூல இனங்களுள் முதன்மையானதான ஹிபிஸ்கஸ் மொஸ்கியூட்டஸ், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிச் சதுப்பு நிலங்களுக்கு உரியது. நாம் வாழும் ஒன்ராறியோவிலேயே ஈரி ஏரிக் கரையோரச் சதுப்புகளில் அது இயற்கையாக வளர்கிறது. பொயின்ற் பெலீ தேசியப் பூங்காவிலும் உண்டு. இம்மாகாணத்தில் சிறப்புக் கவனத்துக்குரிய இனமாகப் பட்டியலிடப்பட்டும் இருக்கிறது. அதனோடு அமெரிக்காவின் வேறு உள்நாட்டு இனங்களையும் கலந்து, பால்டிமோரைச் சேர்ந்த ரொபர்ட் டார்பி 1950களில் உருவாக்கிய வகையே ‘லோர்ட் பால்டிமோர்’. பனிக்காலத்தில் அதன் தண்டு முழுவதும் நிலமட்டம்வரை காய்ந்துவிடும். உயிர் மண்ணுக்குள் இருக்கும் வேர்முடியில் தங்கி, மண் நன்றாகச் சூடேறிய பிறகு அங்கிருந்து புதுக் குருத்து வரும். தங்கள் பெயர்ச்சீட்டில் அச்சிடப்பட்டுள்ள ஐந்தாம் வலயம் என்பது, ஆண்டின் கடுங்குளிர் சராசரியாக மறை 29 பாகை வரை இறங்கக்கூடிய இடங்களைக் குறிக்கிறது. ஹிபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ் எனப்படும் வெப்பநாட்டுச் செவ்வரத்தைக்கு இந்த இயல்பு கிடையாது. அது ஆண்டு முழுவதும் மரத்தண்டோடு நிற்கும் புதர். மண் உறைந்தால் தண்டும் வேரும் ஒன்றாகவே போய்விடும். ஆகவே ஒன்றின் பெயரில் மற்றொன்றைக் கொடுப்பது, நிறம் மாறிய பூவைக் கொடுப்பதைப் போன்ற சிறிய பிசகு என்று ஒதுக்கக்கூடியதன்று. எதற்காகப் பணம் பெறப்பட்டதோ அந்த இயல்பே இல்லாத பொருளைக் கொடுத்ததாகும்.

நான்கு கன்றுகளையும் ஒரே பாத்தியில், நாளில் ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாமல் வெயில் படும் தெற்குப் பக்கத்தில், ஒரே பசளையிட்டு நட்டேன். இது சதுப்பு நிலத் தாவரம் என்பதால் வேரில் ஈரம் காயவிடக் கூடாது என்ற தங்கள் துண்டுப்பிரசுரத்தின் அறிவுரைப்படியே நீர் விட்டேன். ஜூலை மாதத்துக்குள் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு கன்றுகளின் இலைகள் பளபளப்பில்லாத பச்சையாக, ஆழமாகப் பிளவுபட்டு, மடல் மடலாக விரிந்திருந்தன. மற்ற இரண்டின் இலைகள் எண்ணெய் பூசியதுபோல மினுங்கிக்கொண்டு, பிளவே இல்லாத முட்டை வடிவத்தில், பல் வெட்டிய விளிம்போடு இருந்தன. முதல் இரண்டில் ஆண்டுக் குருத்துகள் நிலத்திலிருந்து நேராக எழுந்தன. பின்னைய இரண்டிலோ அடித்தண்டு சாம்பல் நிறப் பட்டையோடு முற்றி, பக்கக் கிளைகள் விட்டிருந்தது.

பூத்தபோது ஐயம் முழுவதும் தீர்ந்தது. ஓகஸ்டில் முதல் இரண்டும் சாப்பாட்டுத் தட்டளவு அகன்ற சிவப்புப் பூக்களைத் தந்தன. ஒன்றின்மேல் ஒன்று படிந்த ஐந்து இதழ்களும் பூவை இடைவெளியின்றி நிரப்ப, நடுவிலுள்ள மகரந்தத் தண்டு இதழ் விளிம்புக்கு உள்ளேயே அடங்கி நின்றது. மற்ற இரண்டும் அதற்கு முன்னரே பூக்கத் தொடங்கியிருந்தன. பூவின் அகலம் ஒரு கையளவுதான். மகரந்தத் தண்டு இதழ்களைத் தாண்டி நீண்டு வெளியே வந்து, நுனியில் ஐந்து சிவப்புச் சூல்முடிகளோடு நின்றது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தப் பூவை அடையாளம் காட்ட வேறொருவர் தேவையில்லை. அழகான பூதான்; நாள்தோறும் பறித்துச் சுவாமிக்கு வைத்தேன். ஆயினும் நான் வாங்கியது அதையன்று.

அதே மாதத்தில் இலை, தண்டு, பூ மூன்றின் படங்களையும் இணைத்துத் தங்கள் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இவை வெப்பநாட்டு இனம்போலத் தெரிகின்றன. அப்படியானால் குளிருக்கு முன் சாடிக்கு மாற்ற வேண்டுமா என்று தெளிவாகக் கேட்டிருந்தேன். கிடைத்த பதிலில், இளங்கன்றுகளில் இலை வடிவம் வேறுபடுவது வழமை என்றும், இரண்டாம் ஆண்டில் வேர் நன்றாகப் பிடித்ததும் சரியான வடிவத்துக்கு வந்துவிடும் என்றும், கிளப்பினால் வேர் பழுதாகும் ஆகையால் அசைக்காமல் நிலத்திலேயே விடும்படியும் எழுதப்பட்டிருந்தது. படத்தைத் திறந்து பார்த்த எந்தத் தோட்டக்காரரும் இப்படி எழுதியிருக்க முடியாது. மகரந்தத் தண்டின் நீளம் கன்றின் வயதால் மாறுவதில்லை. எனக்கு நேர்ந்த இழப்பில் மிகுந்த வருத்தம் தருவது இந்தப் பதிலே. விற்கும்போது சீட்டு மாறியிருக்கலாம். இரு இனங்களையும் ஒரே கண்ணாடிக் கொட்டிலில் வைத்திருக்கும் இடத்தில் அது நேரக்கூடியதே, வேண்டுமென்று செய்தீர்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் படத்தோடு கேட்டபோது, “ஆம், தவறு நேர்ந்துவிட்டது, செப்டெம்பருக்குள் சாடிக்கு மாற்றி உள்ளே எடுங்கள்” என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்த இரண்டு கன்றுகளும் இன்று என் யன்னலோரத்தில் உயிரோடு இருந்திருக்கும்.

ஒக்டோபரில் முதல் உறைபனி விழுந்த மறுநாள், மினுங்கும் இலைகள் கறுத்துத் துவண்டு தொங்கின. உண்மையான கன்றுகளின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, தண்டுகள் வெறும் சுள்ளிகளாகக் காய்ந்தன. அது அவற்றுக்கு இயல்பு. தங்கள் துண்டுப்பிரசுரத்தில் உள்ளபடி, இடம் தெரிவதற்காக அடித்தண்டை ஒரு சாண் உயரத்துக்கு விட்டு, பாத்தி முழுவதும் இலைச்சருகும் மரச்சீவலும் தடிப்பாகப் பரப்பினேன். எந்தக் கன்றுக்கும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

இந்த ஆண்டு ஜூன் முதல் வாரத்தில் உண்மையான இரண்டு கன்றுகளும் பழைய சுள்ளிகளின் அடியில் மண்ணைப் பிளந்துகொண்டு, விரல் தடிப்பில் செம்மை படர்ந்த குருத்துகளை விட்டன. இப்போது முழங்கால் உயரம் தாண்டிவிட்டன. மற்ற இரண்டின் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். பட்டைக்குக் கீழே பச்சை இல்லை, அடிவரை தவிட்டு நிறமே. மெதுவாக இழுத்தபோது எதிர்ப்பின்றிக் கையோடு வந்தன. வேர் கறுத்து அழுகியிருந்தது.

இவ்வளவையும் படங்களோடு எழுதி, இரண்டு கன்றுகளின் விலையைத் திருப்பித் தரும்படி கேட்டேன். தங்கள் பிரிவு இரண்டு காரணங்கள் கூறி மறுத்தது. முதலாவது, குளிர்காலப் பாதுகாப்புப் போதாது என்பது. ஒரே பாத்தியில், ஒரே மண்ணில், ஒரே மூடாக்கின் கீழ் இருந்த நான்கில் இரண்டு தழைத்து நிற்கும்போது இந்தக் காரணம் எப்படி நிற்கும் என்று தாங்களே எண்ணிப் பாருங்கள். இரண்டாவது, குளிர்கால உத்தரவாதம் மே 31ஆம் திகதியோடு முடிந்துவிட்டது என்பது. அதே நிறுவனம் கன்றோடு தந்த துண்டுப்பிரசுரத்தின் மறுபக்கத்தில், “இந்த இனம் வசந்தத்தில் மிகவும் பிந்தியே முளைக்கும்; ஜூன் நடுப்பகுதி வரை பட்டுவிட்டது என்று எண்ணிக் கிளப்ப வேண்டாம்” என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அறிவுரை சரியானது. ஆனால் அதைப் பின்பற்றும் வாடிக்கையாளர் எவரும் தங்கள் உத்தரவாதத்தை ஒருபோதும் பயன்படுத்த முடியாது. பயன்படுத்த வேண்டுமானால், உயிரோடு இருக்கக்கூடிய கன்றை மே மாதத்திலேயே தோண்டிப் பார்த்துக் கெடுக்க வேண்டும். டியூலிப்புக்கும் பியோனிக்கும் பொருந்தும் ஒரு திகதியை, தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் கடைசியாக எழும் ஒரு தாவரத்துக்கு வைப்பது நியாயமாகாது.

மேலும், என் கோரிக்கை உத்தரவாத அட்டையைச் சார்ந்ததன்று. குளிரில் பட்டுப்போன பல்லாண்டுக் கன்றுக்காக நான் ஈடு கேட்கவில்லை. எனக்குத் தரப்படாத கன்றுக்காகக் கேட்கிறேன். விவரிப்பை நம்பி வாங்கப்படும் பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதை ஒன்ராறியோவின் பொருள் விற்பனைச் சட்டம் ஒப்பந்தத்தின் உட்கிடையான நிபந்தனையாகவே கொள்கிறது. பொருளுக்கு இல்லாத இயல்பு இருப்பதாகக் கூறுவதை 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது. அத்தகைய நிபந்தனைகளைக் கடை தன் சொந்த விதிகளால் நீக்கிவிட முடியாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. வழக்குக்கோ சண்டைக்கோ எனக்கு விருப்பமில்லை. ஆயினும், அட்டையின் திகதியைக் காட்டி இந்த விடயத்தை மூடிவிட முடியாது என்பதைத் தாங்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே, இரண்டு கன்றுகளுக்குரிய 64 டொலரையும், அதற்குச் செலுத்திய 13 வீத விற்பனை வரியையும் சேர்த்து 72.32 டொலரைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பதிலாக வேறு கன்றோ, தங்கள் கடையிலேயே செலவிட வேண்டிய பற்றட்டையோ எனக்கு வேண்டாம்.

பணத்தைவிட முக்கியமான கோரிக்கை ஒன்று உண்டு. கடந்த மாதம் தங்கள் நிலையத்துக்கு வந்தபோது, அதே பெயர்ச்சீட்டின் கீழ், பிளவில்லாத மினுங்கும் இலைகளோடு சில கன்றுகள் மீண்டும் விற்பனைக்கு இருப்பதைக் கண்டேன். அங்கிருந்த பணியாளரிடம் சொன்னேன், பார்க்கிறோம் என்றார். வாங்கிச் சென்றவர்களுள் கணிசமானோர் வயதானவர்கள். விளம்பரத்தை நம்பி நிலத்தில் நட்டிருப்பார்கள். அவர்களுடைய கன்றுகளை இப்போதும் காப்பாற்றலாம். வாங்கியவர்களின் தொலைபேசி எண்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தங்களிடம் இருக்கின்றன. இலை மினுங்குகிறதா, மகரந்தத் தண்டு இதழுக்கு வெளியே நீள்கிறதா என்று பார்த்து, அப்படியிருந்தால் செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் சாடிக்கு மாற்றி வீட்டுக்குள் எடுக்கும்படி, அல்லது கடைக்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளும்படி, தமிழில் ஓர் அறிவித்தல் அனுப்புங்கள். விற்பனையில் மீதமுள்ள கன்றுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர்ச்சீட்டைத் திருத்துங்கள். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. இலையை அறிந்த ஒருவர் ஒரு காலைப்பொழுதில் செய்துவிடக்கூடிய வேலை இது. பல்லாண்டுச் செவ்வரத்தைக்கான உத்தரவாத முடிவுத் திகதியையும் ஜூன் 30 ஆக மாற்றுமாறு வேண்டுகிறேன்.

என் வீட்டில் தழைத்திருக்கும் இரண்டு கன்றுகளும் தங்கள் நிலையத்திலிருந்து வந்தவையே. அவை நல்ல கன்றுகள், நன்றாக வளர்க்கப்பட்டவை. அதனால்தான் வேறு கடைக்குப் போய்விடாமல் இதை எழுதுகிறேன்.

கொள்வனவுப் பற்றுச்சீட்டின் பிரதி, 2024 ஓகஸ்டில் நான் அனுப்பிய மின்னஞ்சலும் தங்கள் பதிலும், நான்கு கன்றுகளின் கோடைகாலப் படங்கள், இம்மாதம் எடுத்த படங்கள், துண்டுப்பிரசுரத்தின் இரு பக்கங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருமாறும், அந்தப் பதிலைப் படங்களைப் பார்க்கக்கூடிய தோட்டக்கலைப் பொறுப்பாளர் ஒருவரே எழுதுமாறும் தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். பதில் கிடைக்காவிடில், இதே ஆவணங்களோடு மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிடம் முறைப்பாடு செய்வேன்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்
(ஒப்பம்)