கட்டளையிட்டுப் படமெடுப்பது அழுகுணி ஆட்டமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதியில் அண்மையில் நடந்த மாணவர் குறும்படப் போட்டி ஒன்றுக்கு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் 2 நிமிடப் படம் ஒன்றை அனுப்பியிருந்தான். மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டுக்குள் அவனே கட்டிய செட்டிநாட்டு வீட்டை, முகப்பிலிருந்து பின்பகுதியான இரண்டாங்கட்டு முடிய ஒரே ஷாட்டில் எடுத்த படம் அது. ‘படமாக்கிய முறை’ என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில், ‘சீட் அனுமதியை இயக்கி, கட்டளைகள் கொடுத்து எடுத்தது’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினான். ‘ஏமாற்று’ என்று பொருள்படும் ‘சீட்’ என்ற அந்த ஒரு சொல்லைக் கண்டதும், ஏமாற்றி எடுத்த படம் என்று முடிவுகட்டி, படத்தைப் போட்டுக்கூடப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டார்கள். நடத்தியவர்கள்மீது எனக்கு வருத்தம் உண்டே தவிரக் கோபம் இல்லை. ஆனால், காரைக்குடி வட்டாரத்தில் 30 ஆண்டுகள் கல்யாண வீடியோ எடுத்தவன் என்ற முறையில், அந்தக் கட்டளைகள் என்ன செய்கின்றன என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விளையாட்டை உருவாக்குகிறவர்கள், தாங்கள் அமைத்த ஒவ்வோர் இடத்தையும் சுற்றிப் பார்த்துச் சோதிப்பதற்காகவே விசைப்பலகையில் கட்டளை எழுதி விளையாட்டை இயக்கும் வசதியை உள்ளே வைக்கிறார்கள். சுவரை ஊடுருவிச் செல்வதும், பொழுதை மாற்றுவதும் ஆடுபவனுக்குக் கிடைத்தால் ஆட்டத்தின் சவால் கெட்டுவிடும் என்பதால் அவற்றுக்குச் ‘சீட்’ என்று பெயர் விழுந்தது. 2004 இல் வெளிவந்த ஹாஃப் லைஃப் 2 என்னும் விளையாட்டில் இத்தகைய கட்டளைகள் பலவற்றுக்கு முன்னால் ‘எஸ்வி சீட்ஸ் 1’ என்று எழுதி அனுமதியை இயக்கியாக வேண்டும். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும்போது அந்த அனுமதி எல்லாரையும் இணைக்கும் பொதுக் கணினியான சர்வரை நடத்துபவரின் கையில் இருக்கிறது. ஆடுகிறவர் நினைத்தபடி இயக்கிக்கொள்ள இயலாது. தன் கணினியில், எதிராளி எவரும் இல்லாத உலகத்தில், யாரை வெல்வதற்கு ஒருவன் அழுகுணி ஆட்டம் ஆடப்போகிறான்?

என் பேரன் வேலைசெய்ததை நான் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். வீடு முழுவதும் ஒரு மீட்டர் அளவுள்ள கனசதுரக் கட்டைகளால் ஆனது. ஆகவே, தூண்கள் நம் வீட்டுத் தேக்குத் தூண்களைவிடத் தடித்துத்தான் தெரியும். ஆனால், தரைக்குக் ‘கிளேஸ்டு டெரகோட்டா’ என்னும் பூவேலைக் கட்டைகளை நான்கு நான்காகத் திருப்பித் திருப்பி வைத்து, ஆத்தங்குடிக் கல் பதித்ததுபோலவே கொண்டுவந்திருந்தான். முகப்பு கிழக்குப் பார்த்தது. முதலில் பொழுதை 6000 என்று கட்டளையில் வைத்தான். அந்த விளையாட்டில் ஒரு நாள் என்பது ‘டிக்’ என்னும் நேர அளவில் 24,000. 0 என்றால் காலை 6 மணி, 6000 என்றால் நண்பகல். நிழல் விழுவதற்காக ‘ஷேடர்’ என்னும் துணை மென்பொருளையும் போட்டிருந்தான். ஆனாலும், உச்சிவெயில் நேரே வளவு என்னும் நடு முற்றத்தில் இறங்கியதால் தூண்களுக்கு நிழலே இல்லை. வளவில் நடந்த எத்தனையோ கல்யாணங்களில், பந்தல் போடாத முற்றத்து வெயில் வெளுத்துப்போய், தாழ்வாரத்தில் நின்ற பெண்ணின் முகம் இருட்டடித்துப்போன காட்சிகளுக்காகக் கல்யாண வீட்டாரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். “ஒன்பது மணி வெயில் போடுடா” என்றேன். 3000 என்று மாற்றினான். மேற்கு வரிசைத் தூண்களின் நிழல் தாழ்வாரத்துத் தரையில் வரிவரியாகச் சாய்ந்தது. “ஐயா, இப்ப பாருங்க” என்று அவன் சொன்னபோது, நாற்பது வயதில் எனக்கு இந்த வசதி கிடைக்கவில்லையே என்றுதான் தோன்றியது.

அதோடு முடியவில்லை. அங்கே ஒரு முழு நாள் நம் கடிகாரத்தில் 20 நிமிடத்தில் கழிந்துவிடுகிறது. அப்படியே விட்டால், 2 நிமிட ஷாட் முடிவதற்குள் அங்கே 2 மணி 24 நிமிடம் ஓடிப்போய், நிழல் தூணடிக்கே நகர்ந்துவிடும். எனவே, சூரியனை அசையாமல் நிறுத்த ஒரு கட்டளை. மழை குறுக்கிடாமலிருக்க ஒரு கட்டளை. சுவரில் முட்டாமல் காற்றில் மிதக்கும் பார்வையாளர் நிலைக்கு மாற ஒரு கட்டளை.

கேமராவை நகர்த்தியதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கேமராவை வைத்து உருட்டும் டிராலி வாங்க வசதியில்லாத நாளில், ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பை நம்பி, ஒரு ஜமக்காளத்தின்மீது நான் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார, உதவிப் பையன் அதன் முனையைப் பிடித்து மெதுவாக இழுப்பான். அதுதான் எங்கள் டிராலி. என் பேரன், நொடிக்கு 20 முறை தானாக இயங்கும் கட்டளைக் கட்டை ஒன்றை வைத்து, ஒவ்வொரு முறையும் விளையாட்டுக்குள் கேமராவாக நிற்கும் தன்னை 2 சென்டிமீட்டர் முன்னால் தள்ளும்படி எழுதினான். நொடிக்கு 40 சென்டிமீட்டர். 2 நிமிடத்தில் 48 மீட்டர். முகப்பு நிலைவாசலில் தொடங்கினால் இரண்டாங்கட்டின் கடைசிக் கதவில் வந்து நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதற்கேற்ற வேகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தான். மூன்று முறை இடறியது. நான்காம் முறைதான் சரியாக வந்தது. இதை ஒளிப்பதிவு என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது?

இது புதிதாக முளைத்த பழக்கமும் அன்று. 1996 இல் வெளிவந்த க்வேக் விளையாட்டில் ஆட்டத்தின் அசைவுகளைச் சிறு கோப்பாகச் சேமித்து மீண்டும் ஓட்டும் வசதி இருந்தது. அதே ஆண்டில் ‘ரேஞ்சர்ஸ்’ என்ற ஆட்டக்குழு அதைக்கொண்டு ஒரு குறும்படமே எடுத்தது. பின்னாளில் இக்கலைக்கு, மெஷின், சினிமா என்ற சொற்களை இணைத்து ‘மச்சினிமா’ என்று பெயர் வந்தது. 2011 இல் வெளிவந்த ஸ்கைரிம் விளையாட்டில் ‘டிஎஃப்சி’ என்று எழுதினால் கேமரா ஆளைவிட்டுப் பிரிந்து தனியே பறக்கும். பக்கத்தில் 1 என்று சேர்த்தால் உலகமே உறைந்து நிற்க, கேமரா மட்டும் நகரும். ஹாஃப் லைஃப் 2 இல் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனிப் படமாக எழுதிவைக்கும் கட்டளை இருக்கிறது. கணினி மெதுவானதாக இருந்தாலும் நேரம்தான் கூடும், படம் திக்காது. விலையுயர்ந்த கேமரா வாங்க முடியாத மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதைப் போட்டி நடத்துவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றவர் உருவாக்கிய உலகத்தை எடுத்துவிட்டுத் தன் படம் என்று சொல்லலாமா என்ற ஐயம் நியாயமானதே. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் படப்பிடிப்புக்கு வருகிறவர்கள் யாரோ கட்டிய வீட்டைத்தான் எடுக்கிறார்கள். ஒளியும் கோணமும் நகர்வும் மட்டுமே அவர்களுடையவை. 1947 இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ நம் காரைக்குடியில் இருந்த ஏ.வி.எம். ஸ்டுடியோவில் உருவான படம். அரங்கு அமைத்து எடுத்தது பொய் என்று எவரும் அதை ஒதுக்கவில்லை. விளையாட்டின் பெயரைப் படத்தில் குறிப்பிட வேண்டும், அந்நிறுவனத்தின் விதிகளுக்கு உட்பட வேண்டும், பிறர் இசையைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது என்று நிபந்தனை வைக்கட்டும், அது சரியே.

இனி இத்தகைய போட்டிகளை நடத்துகிறவர்கள், விளையாட்டுக்குள் எடுத்த படங்களுக்குத் தனிப் பிரிவு ஒதுக்க வேண்டும் என்றும், பயன்படுத்திய கட்டளைகளின் பட்டியலையும் வெட்டித் தொகுக்காத மூலப் பதிவையும் உடன் கேட்டு வாங்கினால் யார் எடுத்தது என்ற சந்தேகத்துக்கே இடமிராது என்றும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பேரனின் படத்தையும், அவன் நோட்டில் எழுதிவைத்த கட்டளைகளின் நகலையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். பென்டிரைவைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வீடியோ ஒளிப்பதிவாளர்,
காரைக்குடி.