ஒரு மதிப்பெண்ணும் எட்டுச் சதுர அடியும்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கல்வியின் தத்துவ அடிப்படைகள் என்ற தாளைப் பதினான்கு வருடமாக நடத்தி வருகிறேன். போன பருவத் தேர்வின் இருபத்தாறாவது கேள்வி பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் மாணவி மறுமதிப்பீடு கேட்டதும், ‘விடைக்குறிப்பின்படி மதிப்பிடப்பட்டுள்ளது, மாற்றமில்லை’ என்று ஒரு வரிப் பதில் வந்ததும் உங்கள் கோப்பிலேயே இருக்கும். அதன் பிறகு நான் அனுப்பிய இரண்டு கடிதங்களும் அங்கேயே எங்காவது இருக்கலாம். இரண்டுக்கும் பதில் வராததால் மூன்றாவதை எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன்.

கேள்வி இதுதான்: நிலைபேறுவாதிகள் பரிந்துரைக்கும் கற்பித்தல் முறை எது? விரிவுரை, கலந்துரையாடல், செயல்திட்டம், விளையாட்டு. (மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காக: காலத்தால் மாறாத உண்மைகளையும் கேள்விகளையும் பெரிய மூலநூல்கள் வழியே கற்பிக்க வேண்டும் என்பதுதான் நிலைபேறுவாதம்.) அந்த மாணவி கலந்துரையாடலைக் குறித்திருந்தார். உங்கள் விடைக்குறிப்பு விரிவுரை என்கிறது. ஒரு மதிப்பெண் போயிற்று. ஒரு மதிப்பெண்தானே என்று விட்டுவிடலாம், அவரும் அதற்காக அழவில்லை. என்னிடம் வந்து, “சார், நான் படிச்சது தப்பா, கையேடு தப்பா?” என்று மட்டும் கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரியும். அடுத்த பருவத்தில் இதே கேள்வி வந்தால் எதைக் குறிக்கச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பக்கம் வரை படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. நிலைபேறுவாத அலகில் ஏதாவது ஒரு மூலநூல் பகுதியை வகுப்பில் முழுசாக வாசிக்க இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். தேர்வில் அந்தப் பகுதியையே அச்சிட்டுக் கொடுத்து, அதன் மேல் கேள்வி கேளுங்கள். அவ்வளவுதான். புதிய கட்டடம் கேட்கவில்லை, புதிய பணியிடம் கேட்கவில்லை.

மாணவி படித்தது தப்பா என்ற கேள்விக்கு வருவோம். நிலைபேறுவாதிகளில் முக்கியமானவரான அமெரிக்கத் தத்துவவாதி மார்டிமர் ஆட்லர், 1982-ல் வெளியிட்ட ‘பைடேயா முன்மொழிவு’ என்ற நூலில் கற்பித்தலை மூன்று வகையாகப் பிரிக்கிறார்: சொல்லிக்கொடுப்பது, பக்கத்தில் நின்று பழக்குவது, சாக்ரடீஸ் பாணியில் கேள்வி கேட்டு உரையாடுவது. நூல்களின் கருத்துகளோடு மல்லுக்கட்டுவதற்கு அவர் மூன்றாவதைத்தான் வைக்கிறார். அமெரிக்காவின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1937-ல் தன் பாடத்திட்டத்தையே மாற்றிப் பெருநூல் வாசிப்பை, அதாவது காலம் கடந்து நிற்கும் மூலநூல்களை நேராக வாசிப்பதை, மையமாக்கியது. அங்கே பாடப்புத்தகம் வைத்துக்கொள்வதில்லை, வடிவியலுக்கு யூக்ளிடையே பிரிக்கிறார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கேள்வியில் தொடங்கிப் பேசுகிறார்கள். உலகத்தில் நிலைபேறுவாதத்தை உண்மையாகவே நடத்திக் காட்டிய இடம் எது என்று கேட்டால் முதலில் சொல்லப்படும் பெயர்களில் அது ஒன்று. அங்கே போய் ‘உங்கள் முறை விரிவுரைதானே’ என்று கேட்டால் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

விடைக்குறிப்பு எழுதியவர் பக்கம் ஒரு நியாயமும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எந்த நூலை வாசிப்பது என்பதை நிலைபேறுவாதி மாணவரின் விருப்பத்துக்கு விடுவதில்லை. அந்த அளவில் அது ஆசிரியர் கையில் இருக்கும் கல்விதான். ஆட்லரும் விரிவுரையை வெளியே தள்ளிவிடவில்லை, மூன்றில் ஒன்றாக வைத்திருக்கிறார். அப்படியென்றால் இது வாதாடிப் பார்க்க வேண்டிய விஷயம். நாலில் ஒன்றைக் குறிக்கச் சொல்வதற்கு ஏற்ற கேள்வி இது இல்லை.

இன்னொன்று. நீங்கள் பரிந்துரைத்த கையேட்டில் நிலைபேறுவாதிகள் பட்டியலில் வில்லியம் பாக்லி இருக்கிறார். அவர் சாராம்சவாதி. 1938-ல் அந்த இயக்கத்துக்கு அறிக்கை எழுதியவரே அவர்தான். நிலைபேறுவாதம் சொல்லும் ‘எந்தக் காலத்துக்குமான கேள்விகள்’ என்பதும் சாராம்சவாதம் சொல்லும் ‘நம் சமூகத்துக்குத் தேவையான அடிப்படை அறிவும் திறனும்’ என்பதும் ஒன்றல்ல. பரீட்சையில் இரண்டுக்கும் வேறுபாடு எழுதச் சொல்லிக் கேட்பதும் நீங்கள்தான். அதே கையேட்டில் ஆட்லர் ஒரு பக்கம், அனுபவத்தின் வழியே கற்பதை வலியுறுத்திய ஜான் டூயி எதிர்ப்பக்கம் என்று நடுவில் கோடு போட்ட ஓர் அட்டவணை. டூயிக்கும், ஆட்லரின் கூட்டாளியும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவருமான ராபர்ட் ஹட்சின்ஸுக்கும் 1930-களில் நடந்த சண்டை உண்மைதான். ஆனால் ஆட்லர் அந்த 1982 நூலை, அமெரிக்கப் பொதுப்பள்ளி இயக்கத்தின் முன்னோடி ஹொரஸ் மன், டூயி, ஹட்சின்ஸ் ஆகிய மூவருக்குமாகக் காணிக்கையாக்கியிருக்கிறார். அட்டவணையில் இதற்கு எந்தக் கட்டம்?

இதையெல்லாம் இரண்டு கடிதங்களில் எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்: போன வருடம் அனுமதி கேட்காமல் ஒரு சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் வகுப்பு வைத்தேன். பாடத்திட்டத்தில் இல்லாத வகுப்பு. பிளேட்டோவின் மேனோ உரையாடலில் வரும் அந்தச் சதுரக் கணக்குப் பகுதி, சில பக்கங்கள்தான். கையேடு இல்லை, ஸ்லைடு இல்லை, ஆளுக்கொரு நகல்.

கரும்பலகையில் பக்கம் இரண்டடி உள்ள சதுரம் ஒன்றை வரைந்தேன். பரப்பு நான்கு சதுர அடி. இதைப்போல இரண்டு மடங்கு, அதாவது எட்டுச் சதுர அடி வர வேண்டுமானால் பக்கம் எவ்வளவு? நகலைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வரலாறு படித்துவிட்டு வந்த ஒருவர் சட்டென்று “நாலடி” என்றார். வரைந்து பார்த்தோம், பதினாறு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர் “அப்போ மூணடி” என்றார். ஒன்பது வந்தது. சிரிப்பு நின்றது. கணிதம் படித்தவர்கள் ‘ரூட் எட்டு’ என்று முணுமுணுத்தார்கள். “சரி, வந்து வரைந்து காட்டுங்கள்” என்றேன். யாரும் எழுந்து வரவில்லை.

அப்புறம் நகலைப் பிரித்து வாசித்தோம். சாக்ரடீஸ் கூப்பிட்டு நிறுத்திய அடிமைச் சிறுவனும் முதலில் நாலடி என்கிறான், பிறகு மூன்றடி என்கிறான். சுமார் 2400 வருடத்துக்கு முன் எழுதப்பட்ட ஒரு தப்பு, வரிசை மாறாமல் எங்கள் வகுப்பறையில் நடந்து முடிந்திருந்தது. அந்த வரலாற்றுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் மூலைக்கு மூலை கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் புதிய சதுரத்தை எழுப்பியபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு ‘அட’ வந்தது. பதினான்கு வருடத்தில் இந்த அலகில் நான் கேட்ட முதல் ‘அட’ அது.

அதோடு முடியவில்லை. ஒருவர் எழுந்து, “சார், சாக்ரடீஸ் கேக்கறதுல பாதி, ஆமாம்னு சொல்ல வைக்கிற கேள்விதானே? இதைக் கற்பித்தல்னு எப்படிச் சொல்றது?” என்றார். இன்னொருவர், மறுமதிப்பீடு கேட்ட அதே மாணவிதான், “இவ்வளவு நேரம் பதில் சொன்ன பையனுக்குப் பேரே இல்லையே, கவனிச்சீங்களா?” என்றார். உண்மைதான், அந்தச் சிறுவனுக்குக் கடைசி வரை பெயர் கிடையாது. எல்லா மனிதருக்கும் பொதுவான அறிவைப் பற்றிப் பேசும் இடத்தில், அதை நிரூபிக்க நிறுத்தப்பட்டவனுக்குப் பெயர் இல்லை. மதியம் வரைக்கும் சண்டை போட்டார்கள். உங்கள் கையேட்டில் ‘நிலைபேறுவாதத்தின் குறைகள்’ என்ற தலைப்பில் ஐந்து புள்ளிகள் இருக்கின்றன. அவர்கள் அன்று கண்டுபிடித்த இரண்டும் அந்த ஐந்தில் இல்லை.

அந்தச் சனிக்கிழமையின் விளைவுதான் இருபத்தாறாவது கேள்விக்கு அவர் எழுதிய விடை. தன் கண்ணால் பார்த்ததை எழுதினார், மதிப்பெண் போயிற்று.

என்னைப் பழம்பெருமை பேசுகிறவன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் நிலைபேறுவாதி இல்லை. கற்பித்தலுக்கு அறிவு வேண்டும், அறிவென்பது உண்மை, உண்மை எங்கும் ஒன்றே, ஆகவே கல்வியும் எங்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று ஹட்சின்ஸ் 1936-ல் அடுக்கிய படிக்கட்டில் கடைசிப் படி ஆடுகிறது என்றே நினைக்கிறேன். ஹட்சின்ஸும் ஆட்லரும் சேர்ந்து 1952-ல் கொண்டுவந்த 54 தொகுதிப் பெருநூல் வரிசையில் ஒரு பெண்கூட இல்லை. முழுக்க மேற்குலகம். பெண் எழுத்தாளர்கள் உள்ளே வர 1990-ன் இரண்டாம் பதிப்பு வரை ஆயிற்று. எது நிலையானது என்று யார் முடிவு செய்வது என்ற கேள்வியை என் மாணவர்கள் கேட்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். நூலையே பார்க்காதவர் அதை எப்படிக் கேட்பார்? மூலநூலை வாசி என்று சொன்ன ஒரு கொள்கையை, மூலநூல் ஒன்றைக்கூடக் கண்ணில் காட்டாமல், எட்டுப் புள்ளிகளாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். கரும்பு எப்படி இருக்கும் என்று சக்கையை வைத்துப் பாடம் நடத்துகிறோம்.

பாடத்திட்டத்தின் முன்னுரையில் ‘விமர்சனச் சிந்தனை’ என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். அதை வளர்க்கத்தான் ஒவ்வொரு பாடவேளைக்கும் கற்றல் விளைவுப் படிவத்தை எக்செலில் நிரப்பச் சொல்கிறீர்கள். போன பருவத்தில் இந்த அலகை நடத்த எனக்குக் கிடைத்தது நான்கு பாடவேளை. அதில் ஒன்று படிவம் நிரப்புவது எப்படி என்ற பயிற்சிக்குப் போனது. அந்தப் பயிற்சிக்கும் ஒரு படிவம் இருந்தது. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ‘மாணவர் சிந்தித்தாரா? ஆம்/இல்லை’ என்று இருந்தது. ஆம் என்று குறித்தால்தான் அடுத்த பக்கம் திறக்கிறது. முப்பத்தெட்டு பேருக்கும் ஆம் என்று குறித்தேன். இனிமேல் அவர்கள் சிந்திக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மன்னிக்கவும், வேறு எங்கோ போய்விட்டேன். அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் உங்கள் குழுவில் இருந்தால், அவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை.

விதிமுறைக்கு எதிரே திறமை நிற்பது புதிதில்லை என்பதும் தெரியும். நீச்சல் தேர்வை முடிக்கவில்லை என்பதற்காக ஆட்லருக்கே கொலம்பியா பல்கலைக்கழகம் இளங்கலைப் பட்டம் தரவில்லை. அதே பல்கலைக்கழகம் பிறகு அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது. இளங்கலைக் கணக்கை 1983-ல், அவருக்கு எண்பது வயதானபோதுதான் நேர் செய்தது. நம் மாணவிக்கும் எண்பது வயது வரை அவகாசம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் என்னிடம் பதில் இல்லை.

ஆகவே மீண்டும் கேட்கிறேன், பணிவாகவே கேட்கிறேன். ஒரு மூலநூல் பகுதி, முழுசாக, இரண்டு பாடவேளை. மேனோதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லை. யூக்ளிடின் முதல் தேற்றமாக இருக்கட்டும், டூயி ஹட்சின்ஸை மறுத்து எழுதிய கட்டுரையாகக்கூட இருக்கட்டும். குழு எதைத் தேர்ந்தெடுத்தாலும் எனக்குச் சம்மதம். தேர்வில் அந்தப் பகுதியின் ஒரு பக்கத்தை அச்சிட்டு, ‘இதில் ஆசிரியர் என்ன செய்கிறார், அது சரியா?’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரே ஒரு கேள்வி. திருத்துவது சிரமம் என்பீர்கள். சிரமம்தான். முப்பத்தெட்டு பேரும் முப்பத்தெட்டு விதமாக எழுதுவார்கள், விடைக்குறிப்பு உதவாது, உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். திருத்தும் வேலையை நானே கூடுதல் ஊதியம் இல்லாமல் செய்து தருகிறேன். மற்ற கல்லூரிகளில் இந்தத் தாளை நடத்தும் நண்பர்கள் இருவரும் கைகொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கையேட்டிலிருந்து பாக்லியின் பெயரை அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டால் அதற்குத் தனியாக நன்றி சொல்வேன்.

குழு அடுத்து கூடும்போது பத்து நிமிடம் ஒதுக்கினால் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன். ஒரு கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் இருந்தால் போதும். மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தின் நகலை, மாணவியின் பெயரை மறைத்து, அவர் அனுமதியோடு இணைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு சதுரமும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். அது விண்ணப்பத்தைச் சேர்ந்தது இல்லை, அவர் பழக்கதோஷத்தில் கிறுக்கியது.

இப்படிக்கு,
தத்துவ அடிப்படைகள் தாளை நடத்தும் ஒரு விரிவுரையாளர்