ஜெர்மன் படிக்கப் போகும் அண்ணன் மகளுக்கு

அன்புள்ள பாப்பு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "பி2 சர்டிஃபிகேட்டை நுங்கம்பாக்கத்திலேயே வாங்கிடலாமே அத்தை, எதுக்கு டெல்லிக்குப் போய் வருஷக்கணக்கா இலக்கியமும் வரலாறும் படிக்கணும்?" என்றாய். பக்கத்திலிருந்து அண்ணன் "நல்லாக் கேளு" என்றதும் காதில் விழுந்தது. இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டு.

கேட்டதில் தப்பே இல்லை. நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களும் மேல்படிப்புக்குப் போகிறவர்களும் ஜெர்மன் மொழித் தேர்வில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஒவ்வொரு படியாக ஏறித்தான் ஜெர்மனிக்குப் போகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பி.காம். முடித்து, மாலை வகுப்பில் பி2 வாங்கி, ஒரு கம்பெனியில் ஜெர்மன் வாடிக்கையாளர்களின் பில் சம்பந்தமான மெயில்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். வேலை விஷயமாக மூன்று மாதம் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒருநாள் காலை, நான் தங்கியிருந்த தெருவில் வயதான ஓர் அம்மா நடைபாதையில் முட்டி போட்டு உட்கார்ந்து எதையோ துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். நடைபாதைக் கற்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. "ஹீர் வோன்ட்ட" என்று தொடங்கியது. இங்கே வசித்தவர். அதற்குக் கீழே ஒரு பெண்ணின் பெயர், பிறந்த வருஷம், 1942-இல் நாடு கடத்தப்பட்டார் என்ற ஒரு வரி. கடைசியில் "எர்மோர்டெட்". கொலை செய்யப்பட்டார்.

தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. "உங்கள் சொந்தக்காரரா?" என்று பிழையில்லாத ஜெர்மனில் கேட்டேன். "நைன்", இல்லை, என்று மட்டும் சொல்லி, என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி தேய்க்கத் தொடங்கினார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அங்கேயே நின்றேன். சொந்தமும் இல்லாத, செத்துப்போய் இத்தனை வருஷமான ஒருத்தியின் பெயரை இவர் ஏன் தேய்த்துத் துலக்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பி2-இல் நல்ல மார்க் வாங்கியவள் நான்.

அந்தக் கல்லுக்கு "ஷ்டோல்பர்ஷ்டைன்" என்று பெயர், இடறுகல். ஹிட்லரின் நாஜிகளால் கொல்லப்பட்டவர்களும் துரத்தப்பட்டவர்களும் கடைசியாகத் தங்கள் விருப்பப்படி வாழ்ந்த வீட்டின் வாசலில், ஆளுக்கு ஒன்றாகப் பதிப்பது. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொண்ணூறுகளில் தொடங்கிவைத்தார். 2023-இல் ஐரோப்பா முழுக்க ஒரு லட்சம் கற்களைத் தாண்டிவிட்டது. படிக்க வேண்டுமானால் குனிந்துதான் ஆக வேண்டும். இதையெல்லாம் அதன் பிறகு ஜெர்மன் எம்.ஏ. சேர்ந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். "இறந்தார்" என்று எழுதாமல் "கொலை செய்யப்பட்டார்" என்று வாசலிலேயே எழுதும் இடத்துக்கு அந்த நாடு லேசில் வந்து சேரவில்லை. 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் வேலை பார்த்தவர்கள் மேல் தொடங்கிய வழக்கு, 1970-இல் போலந்தின் வார்சாவில், கொல்லப்பட்ட யூதர்களின் நினைவிடத்தில் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட் முழங்காலிட்டது, "அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று வீடுகளில் பிள்ளைகள் அப்பாக்களைக் கேட்ட கேள்விகள், இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கின்றன. நீ "வேண்டாம்" என்கிற வரலாற்றுப் பேப்பர் இதுதான் பாப்பு.

நம் பக்கத்துக் கதை ஒன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் நம் தெய்வங்களைப் பற்றி, நம் ஆட்களிடமே கேட்டுக் கேட்டு 1713-இல் எழுதி முடித்த நூலை ஹாலேயில் இருந்த மிஷன்காரர்கள் அச்சிட மறுத்துவிட்டார்கள். அந்த நம்பிக்கைகளை ஒழிக்கத்தான் ஆள் அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை என்பது அவர்கள் எண்ணம். அது அச்சேற 1867 ஆனது, அதுவும் சென்னையில். ஒன்றரை நூற்றாண்டு! இலக்கணம் போதும், அந்த மனிதர்கள் எதை நம்பினார்கள் என்பது வேண்டாம் என்று அவர்கள் ஒதுக்கியதைப் படித்தபோது, லைப்சிக் தெருவில் நின்ற நான்தான் எனக்கு ஞாபகம் வந்தேன்.

இலக்கணம் குறைந்தது என்று சொல்லவரவில்லை. எனக்கு அதில் தீராத ஆசை. "டொஹ்" என்று ஒரு சொல் வரும். அகராதியில் "ஆனால்" என்று போட்டிருக்கும், நம்பாதே. "நீ வரலியா?" என்று ஒருத்தர் கேட்கிறார், நீ வருகிறாய். தமிழில் என்ன சொல்வாய்? "வர்றேனே!" அந்தக் கடைசி "ஏ" இருக்கிறதே, அந்த வேலையைத்தான் அங்கே "டொஹ்" செய்கிறது. இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு நாடகத்தை வரிவரியாக வாசித்தபோது, ஒரு மகள் தன் அம்மாவிடம் சொல்லும் இடத்தில் சட்டென்று பிடிபட்டது. இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அண்ணனுக்கு வேலை பற்றிக் கவலை இருக்கும். நான் அன்று செய்த மெயில் வேலையை இன்று மொழிபெயர்ப்பு மென்பொருளே முக்கால்வாசி செய்துவிடுகிறது. பி2-வை மட்டும் நம்பி இறங்குவதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியிலும் நீதிமன்றத்திலும் இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்து பேச்சை மாற்றிச் சொல்கிறவளுக்கு, சொன்னதோடு சொல்லாமல் விட்டதும் தெரிய வேண்டும். அதைத்தான் நான் இப்போது செய்கிறேன், அதில்தான் சம்பாதிக்கிறேன்.

டெல்லியில் முதல் குளிர்காலம் கஷ்டமாக இருக்கும். சாப்பாடும் பழக நாளாகும். ஜே.என்.யூ. பல்கலைக்கழகப் பட்டியலில் பெயர் வந்ததும் கூப்பிடு, என் பழைய டூடன் அகராதியைக் கொடுத்தனுப்புகிறேன். அட்டை கிழிந்திருக்கும். "டொஹ்" வரும் பக்கத்தில், ஓரத்தில் பென்சிலால் ஒரு "ஏ" போட்டிருப்பேன். அதை மட்டும் அழித்துவிடாதே.

அன்புடன்,
உன் அத்தை