இலை போட்டு எழுப்பிவிட்ட புத்தகம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புனேயில் வீடு அமைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தை வேளாவேளைக்கு விடுவதுதான் என் இப்போதைய வேலை. மருந்து விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜிம் புட்சரின் 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' மந்திரவாதிக் கதை வரிசையில் வந்த 'பீஸ் டாக்ஸ்' நாவலைப் படித்து முடித்தேன்.

உனக்குப் பிடித்திருந்தது என்று எழுதியிருந்தாய். எனக்கு மனசு ஆறவே இல்லை. 2014இல் 'ஸ்கின் கேம்' வந்தபிறகு அந்த வரிசையில் புட்சர் ஆறு வருஷம் கழித்துத் தந்த நாவல். எழுத எழுத நீண்டுபோன ஒரே நாவலை இரண்டாக வெட்டி, முதல் பாதியை 2020 ஜூலையிலும் மறுபாதியான 'பேட்டில் கிரவுண்ட்'டைச் செப்டம்பரிலும் வெளியிட்டார்கள். வெட்டிய இடம் அப்படியே தெரிகிறது. இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் வைத்து, சோறு அடுத்த பந்தியில் என்று எழுப்பிவிட்டது போல இருந்தது எனக்கு. கதாநாயகன் டிரெஸ்டனின் அண்ணன் தாமஸ், ரத்தக்காட்டேரி இனத்தவன், ஒரு மாய இனத்து ராஜாவை ஏன் கொல்லப் போனான்? கதையே அங்கேதான் தொடங்குகிறது. கடைசிப் பக்கம் வரை அதற்குப் பதில் இல்லை. மாய இனங்களின் சமாதானப் பேச்சுவார்த்தைக்குள் எத்னியூ என்ற டைட்டன், பழைய தெய்வ வம்சத்தவள், நுழைந்து சிகாகோவை அழிக்கப்போவதாகச் சொல்கிறாள், போர் தொடங்கும் முன்பே புத்தகம் முடிந்துவிடுகிறது.

ஆனால் என் வருத்தம் அதைவிடப் பெரியது. டிரெஸ்டனை நமக்கு ஏன் அவ்வளவு பிடித்தது, யோசித்துப் பார். சிகாகோ டெலிபோன் டைரக்டரியில் மந்திரவாதி என்று பெயர் போட்டுக்கொண்ட ஒரே ஆள். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருவான், வசிய மருந்து மட்டும் கேட்கக் கூடாது. வாடகை பாக்கி. அவன் பக்கத்தில் எந்த மின்சாதனமும் உருப்படாது என்பதால் நிலவறை வீட்டில் மெழுகுவத்தி வெளிச்சம், பச்சைத் தண்ணீர்க் குளியல். மேக்கின் மதுக்கடை ஞாபகம் இருக்கிறதா? மேசை 13, ஸ்டூல் 13, தூண் 13. சிடுசிடுப்போடு வரும் மந்திரவாதிகளிடமிருந்து கசியும் சக்தி ஓரிடத்தில் தேங்காமல் சிதறிப்போக அந்த ஏற்பாடு. இப்படி ஒரு கடை அந்த ஊரில் நிஜமாகவே இருக்கும் என்று நம்பினேன்.

அதே வரிசையின் 'டெட் பீட்'டில் சிகாகோ ஃபீல்ட் மியூசியத்திலுள்ள சூ என்ற டைரனோசரஸ் டைனோசர் எலும்புக்கூட்டை எழுப்பி அதன் மேல் ஏறி வருவானே, அதுகூட மந்திரவாதிகளின் விதிக்குள் அடங்கியதுதான். மனிதப் பிணத்தை எழுப்பத்தான் தடை. செத்து எவ்வளவு காலமாகிறதோ அவ்வளவு பலம். பிடி நழுவாமலிருக்கத் தாளம் நிற்கக் கூடாது, அதற்கு அவன் நண்பன் பட்டர்ஸின் டிரம். அந்த மியூசியமும் எலும்புக்கூடும் அங்கே இன்றும் இருக்கின்றன. ஊரும் மாயமும் கைகோத்து நடந்த புத்தகம் அது. 'பீஸ் டாக்ஸ்'ஸில் ஊர் எங்கே? ஒரு சந்திப்பு, இன்னொரு சந்திப்பு, அப்புறம் விருந்து. சிகாகோவைக் காப்பாற்றியாக வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் அங்கே குடியிருக்கும் சாதாரண ஜனங்களை நான் பார்க்கவே இல்லை.

டிரெஸ்டனுக்கும் அவன் தாத்தா எபனேசருக்கும் நடக்கும் மோதலை மட்டும் இரண்டு தடவை படித்தேன். ரத்தக்காட்டேரி என்று அவர் வெறுப்பது தன் சொந்தப் பேரன் தாமஸையே என்று டிரெஸ்டன் உடைத்துச் சொல்லும் இடத்தில் தொண்டை அடைத்தது. உண்மை தெரிந்த பிறகும் கிழவரின் கோபம் தணியவில்லை. புட்சருக்கு எழுத வராமல் போய்விடவில்லை என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும். அதனால்தான் ஏமாற்றமும் கூடுகிறது.

அப்புறம் 'பேட்டில் கிரவுண்ட்'டில் டிரெஸ்டனின் காதலி மர்ஃபி. ராட்சதனையே வீழ்த்தியவள் போலீஸ்காரன் ருடால்ஃபின் துப்பாக்கிக்குப் பலியாவதை நான் ஏற்றுக்கொள்கிறேன், போரில் அப்படியும் சாவு வரும். ஆனால் முதல் புத்தகத்திலிருந்து கூடவே வந்தவள் அவள். அவளும் டிரெஸ்டனும் சேர்ந்து வாழ்வதைக் காட்ட முதல் பாதியில் அவ்வளவு பக்கங்கள் இருந்தன. அதைப் பேச்சுவார்த்தைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உன் கடிதத்தில் சண்டைகளைப் பற்றி நிறைய இருந்தது, அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. தீபாவளிக்கு வந்தால் என் 'டெட் பீட்' பிரதியை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
உன் நண்பன்